எந்த மாதம் கன்று ஈன வேண்டும்? இறைச்சி மாட்டு மந்தையின் ஈற்றுக் காலக் கணக்கு

இறைச்சிக்காக மாடு வளர்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், எந்த மாதத்தில் ஈன வைப்பது என்பதில் கருத்துகளுக்குப் பஞ்சமே இருக்காது. வசந்த காலம்தான் சரி என்பார் ஒருவர். பிப்ரவரியிலேயே ஈன வைத்தால்தான் கன்று எடை போடும் என்பார் இன்னொருவர். காளையை வருடம் முழுக்க மந்தையிலேயே விட்டுவிட்டால் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று மூன்றாவது ஒருவர் முடித்துவைப்பார்.

மூவரும் தங்கள் ஊரில் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவரும் பார்ப்பது கன்று தரையில் விழும் நாளை மட்டும். கணக்கு அங்கே தொடங்குவதில்லை. ஈன்ற பசு அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் என்ன மேயப்போகிறது என்பதில் தொடங்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை வரிசையாக விளங்கிவிடும். இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் மந்தைகளை வைத்தே சோதித்துப் பார்த்த இடங்களில் அது ஒன்று.

இந்த மாட்டின் வருமானம் வேறு

நமக்குப் பழக்கமானது கறவை மாடு. தினமும் பால் வரும், தினமும் காசு வரும். ஒரு மாடு தையில் ஈன்றது, இன்னொன்று ஆடியில் ஈன்றது என்றால் பால்காரருக்கு அது வசதிதான். வருடம் முழுக்கப் பால் குறையாமல் இருக்கும்.

இறைச்சி மாட்டு மந்தையில் பால் விற்பனையே கிடையாது. பால் முழுவதும் கன்றுக்கு. தாய் மந்தை வைத்திருப்பவருக்கு வருடத்துக்கு ஒரே விளைச்சல்தான்: ஆறேழு மாதம் தாயோடு மேய்ந்து, பிறகு பால் மறக்கடித்து விற்கப்படும் கன்று. கன்று இல்லாத பசு அந்த வருடம் முழுக்கச் சும்மா தின்ற பசு. ஆகவே ஒவ்வொரு பசுவும் வருடத்துக்கு ஒரு கன்று, அதுவும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஈன்றாக வேண்டும். மந்தையின் முதல் கன்றுக்கும் கடைசிக் கன்றுக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தைத்தான் ஈற்றுக் காலம் என்கிறோம்.

அதைக் குறிப்பது பசு அல்ல, காளையை மந்தையில் விடும் தேதி. ஜூன் 1 அன்று காளையை விட்டால் முதல் கன்றுகள் மார்ச் 11 வாக்கில் வரும். மே 1 முதல் கன்று வேண்டுமென்றால் முந்தைய ஆண்டு ஜூலை 22 வரை காளையைத் தனியே கட்டிவைக்க வேண்டும். இந்த இடைவெளிக்குக் காரணம் சினைக்காலம், அதாவது சினைப் பிடித்ததிலிருந்து ஈனும் வரையான நாட்கள். பசுவுக்கு அது சராசரியாக 283 நாள். இனத்துக்கு இனம் சில நாள் முன்பின் இருக்கும்.

82 நாள் அவகாசம்

இங்கேதான் நெருக்கடி. வருடத்துக்கு 365 நாள். சினைக்காலம் 283. மீதி 82. வருடம் ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற 82 நாளுக்குள் பசு மறுபடியும் சினைப் பிடித்துவிட வேண்டும்.

82 நாள் தாராளமாகத் தெரியலாம், ஆனால் ஈன்றவுடன் பசு பருவத்துக்கு, அதாவது காளையோடு சேர்ந்து சினைப் பிடிக்கும் நிலைக்கு, வராது. கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வர வேண்டும், பால் கொடுக்கும் உடல் ஓரளவு தேற வேண்டும். ஈன்றதிலிருந்து முதல் பருவம் வரும் வரையான இந்த ஓய்வு நன்றாகத் தேறிய, பல ஈற்று கண்ட பசுவுக்கு 40 முதல் 60 நாள் ஆகும். முதல் கன்று ஈன்ற இளம் பசுவுக்கு 80 முதல் 100 நாள்கூட ஆகலாம். அவளும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறாள், கூடவே பாலும் கொடுக்கிறாள். மூன்றாவதாக ஒரு வேலைக்கு அவள் உடலில் தெம்பு மிஞ்சுவதில்லை.

பருவம் வர ஆரம்பித்தபின் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை வரும். அறுபதாம் நாள் முதல் பருவம் வரும் பசுவுக்கு 82 நாளுக்குள் இரண்டு வாய்ப்பு. எண்பதாம் நாள் வருபவளுக்கு ஒன்றே ஒன்று. தொண்ணூறாம் நாள் வருபவள் அடுத்த வருடம் கட்டாயம் தள்ளித்தான் ஈனுவாள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: காளை விடும் நாள்தான் ஈற்றுக் காலத்தைக் குறிக்கிறது, ஈன்ற பசுவுக்கு அடுத்த சினைக்குக் கிடைப்பது 82 நாள், அதில் பாதிக்கு மேல் ஓய்விலேயே போய்விடும்.

புல் வரவு, பசு செலவு

அந்த ஓய்வு நாற்பது நாளில் முடியுமா, நூறு நாளாகுமா என்பதைப் பெரும்பாலும் தீனிதான் தீர்மானிக்கிறது. ஒரு குடும்பத்தின் வரவு செலவாக இதை நினைத்துப்பாருங்கள். மேய்ச்சல் நிலத்துப் புல் வரவு. பசுவின் உடல் தேவை செலவு. முதுகிலும் விலாவிலும் இருக்கும் கொழுப்பு சேமிப்பு. வெளியிலிருந்து வாங்கிப் போடும் தீவனம் கடன். வட்டியோடு கட்ட வேண்டியது.

செலவு வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. கன்றைப் பால் மறக்கடித்துப் பிரித்தபின், சினையின் நடுமாதங்களில், செலவு மிகக் குறைவு. காய்ந்த புல்லைத் தின்றே பசு தாக்குப்பிடிக்கும்; தீனியில் 7 அல்லது 8 சதவீதம் புரதம் இருந்தால் போதும். கடைசி மூன்று மாதங்களில்தான் வயிற்றுக் கன்றின் வளர்ச்சியில் பெரும்பகுதி நடக்கிறது. செலவு ஏறத் தொடங்கும். ஈன்றபின் பால் சுரக்க, கிடுகிடுவென்று உயரும். ஈன்று இரண்டு மாதம் ஆகும்போது பால் உச்சத்தில் இருக்கும், செலவும் உச்சத்தில் இருக்கும். அப்போது தீனியில் 10 முதல் 11 சதவீதம் புரதம் வேண்டும், எரிசக்தியும் அதற்கேற்ப வேண்டும்.

82 நாள் கெடுவையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செலவு மிக அதிகமான அதே வாரங்களில்தான் பசு மறுபடி சினைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வரவு போதாவிட்டால் உடல் எதை முதலில் நிறுத்தும்? உயிர் தரிக்கும் வேலையை நிறுத்தாது. மடியில் இருக்கும் கன்றையும் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது. இன்னும் பிறக்காத அடுத்த கன்றைத்தான் ஒத்திப்போடும். பருவமே வராது. வந்தாலும் சினை நிற்காது.

சேமிப்பை அளக்க ஒரு முறை இருக்கிறது. உடல்நிலை மதிப்பெண் என்று பெயர். பசுவின் விலா, முதுகெலும்பு, இடுப்பு, வால் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்த்து 1 முதல் 9 வரை எண் கொடுப்பார்கள். 1 என்றால் எலும்பும் தோலும். 9 என்றால் நடக்கத் திணறும் கொழுப்பு. ஈனும்போது வளர்ந்த பசு 5-லும், தலைச்சன் கிடேரி, அதாவது முதல் கன்று ஈனும் இளம் மாடு, 6-லும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பண்ணை ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்வது. ஈன்றபின் தேற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் கஷ்டம். பால் கொடுக்கும் பசுவைத் தேற்ற ஆகும் தீனிச் செலவு, சினையாக மட்டும் இருக்கும் பசுவைத் தேற்றுவதைவிட மிக அதிகம்.

ஆக, ஈற்றுக் காலத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் செலவு உச்சமாகும் மாதத்தை வரவு உச்சமாகும் மாதத்தோடு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியும் என்று பார்ப்பதுதான். வானிலை, விலை, ஆள் எல்லாம் அதற்கு அப்புறம்.

நெப்ராஸ்கா: மார்ச்சா, மே மாதமா?

நெப்ராஸ்காவின் வடக்கிலும் மேற்கிலும் சாண்ட்ஹில்ஸ் என்ற மணல்மேட்டு நிலம் ஏறக்குறைய 50,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. மேலே புல் போர்த்திய மணற்குன்றுகள். உழுதால் மணல் பறந்துவிடும் என்பதால் பயிர் வைக்க ஆகாது. மாடு மேய்க்கத்தான் ஆகும். புல் மே நடுவில் மேய்ச்சலுக்கு ஆகும். ஜூனிலும் ஜூலை தொடக்கத்திலும் சத்து உச்சத்தில் இருக்கும். ஆகஸ்டில் முற்றத் தொடங்கும். அப்புறம் அளவு இருந்தாலும் புரதம் இருக்காது. குளிர்காலத்தில் பனி. அப்போது கோடையில் அறுத்துக் காயவைத்த உலர்புல்லைத்தான் போட வேண்டும்.

இங்கே காலங்காலமாக மார்ச்சில்தான் ஈன வைத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. மார்ச்சில் ஈன்ற பசு ஜூனில் காளையோடு இருக்கும். அப்போது புல் முதல் தரம். கன்றும் அக்டோபரில் விற்கும்போது ஏழு மாதம் வளர்ந்து கனமாக இருக்கும்.

ஆனால் மார்ச் 11-க்கும் மே 15-க்கும் நடுவே என்ன நடக்கிறது? பசு பால் கொடுக்கிறது, புல் இல்லை. இரண்டு மாதம் முழுக்க உலர்புல்லும் புரதத் தீவனமும் கொட்ட வேண்டும். குடும்பத்தில் சம்பளம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே பெரிய செலவெல்லாம் வந்து நிற்கிற மாதிரி. அதோடு மார்ச் வானிலை. குளிர்கால ரோமம் காய்ந்து அடர்த்தியாக இருக்கும் பசு மைனஸ் 8 டிகிரி வரை கூடுதல் தீனி இல்லாமல் தாங்கும். அதே ரோமம் நனைந்துவிட்டால் 15 டிகிரிக்குக் கீழே போனாலே உடல் சூட்டுக்காக எரிசக்தி கரையும். மார்ச் என்பது பனி உருகிச் சேறாகும், மழையும் பனியும் கலந்து பெய்யும் மாதம். 2019 மார்ச் நடுவில் நெப்ராஸ்காவைத் தாக்கிய பெரும் புயல் சரியாக ஈற்றுக் காலத்தின் நடுவில் வந்தது. பனியிலும் வெள்ளத்திலும் பிறந்த கன்றுகள் ஏராளமாகச் செத்தன.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் விட்மன் ஊருக்கு அருகே குட்மன்ட்சன் சாண்ட்ஹில்ஸ் ஆய்வுப் பண்ணை என்று ஒன்றை நடத்துகிறது. அங்கே மார்ச்சில் ஈனும் மந்தையையும், மே அல்லது ஜூனில் ஈனும் மந்தையையும் வைத்து ஒப்பிட்டார்கள். மான்டானா மாநிலத்தின் மைல்ஸ் சிட்டியில் அமெரிக்க வேளாண்துறையின் ஃபோர்ட் கியோ ஆய்வகமும் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் ஈற்றுகளை இப்படிச் சோதித்தது. தாமதமாக ஈன்றால் அறுத்துப் போடும் தீவனமும் ஆள்வேலையும் வெகுவாகக் குறைகின்றன என்பது தெளிவாகவே தெரிந்தது. பசு தானே மேய்ந்துகொள்கிறது. உலர்புல் அறுக்க, கட்ட, சுமக்க, விரிக்க வேண்டியதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் எல்லோரும் ஜூனுக்கு மாறியிருப்பார்கள். முடியவில்லை. மே நடுவில் ஈன்ற பசுவுக்குக் காளை சேர வேண்டியது ஆகஸ்டில். அப்போது புல் முற்றிக்கொண்டிருக்கிறது. வளர்ந்த பசுக்கள் கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்துச் சமாளித்துவிடும். இளம் பசுக்களும் கிடேரிகளும் தடுமாறும். மணல்மேட்டில் தாமதமாக ஈனும் மந்தைகளில் சினைப் பிடிக்காமல் போவது அவைதான் அதிகம். அந்த வாரங்களில் கொஞ்சம் புரதத் தீவனம் கொடுக்க வேண்டியிருக்கும். கன்றும் இளசு. கன்று தாயோடு இருக்கும்போது ஒரு நாளைக்குச் சுமார் 0.9 கிலோ எடை போடும். இரண்டு மாதம் பிந்திப் பிறந்தது அதே அக்டோபரில் ஏறக்குறைய 55 கிலோ குறைவாக இருக்கும்.

குறைந்த எடையை மட்டும் பார்த்து நஷ்டம் என்று முடிவு கட்டுவது அவசரம். இலேசான கன்றுக்குக் கிலோ விலை பொதுவாக அதிகம். பால் மறக்கடிப்பதையும் ஜனவரிக்குத் தள்ளலாம். விற்ற பணத்திலிருந்து தீனிச் செலவைக் கழித்தபின் மீதி என்ன என்றுதான் பார்க்க வேண்டும். சந்தையில் கனமான கன்றோடு நிற்பவர்தான் கெட்டிக்காரர் என்ற எண்ணம் பண்ணைக்காரர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. என் கணிப்பில் மார்ச் ஈற்று இன்னும் தொடர்வதற்குப் புல்லைவிட அந்தப் பெருமைதான் பெரிய காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு, அது நியாயமானது. மக்காச்சோளப் பயிரும் வைத்திருக்கும் பண்ணைகளில் ஏப்ரல் கடைசியில் விதைப்பு தொடங்கும். இரவெல்லாம் ஈற்றைப் பார்த்துவிட்டுப் பகலில் டிராக்டர் ஓட்ட முடியாது. அவர்களுக்கு பிப்ரவரி, மார்ச் ஈற்று தீனியில் நஷ்டம்தான், ஆள்பலத்தில் லாபம்.

மிசௌரி, கென்டக்கி: இலையுதிர்காலம்

தெற்கே, கிழக்கே போனால் புல்லே மாறிவிடுகிறது. மிசௌரி, கென்டக்கி, டென்னசி பக்கம் மேய்ச்சல் நிலத்தில் பெரும்பாலும் டால் ஃபெஸ்க்யூ என்ற புல்தான். 1931-இல் கென்டக்கியின் ஒரு மலைச்சரிவுப் பண்ணையில் கண்டெடுத்து, 1943-இல் கென்டக்கி 31 என்ற பெயரில் பரப்பிய ரகம் அது. வறட்சியையும் மிதியையும் தாங்கியதால் எங்கும் விதைத்தார்கள். பல ஆண்டு கழித்துத்தான் அதன் உள்ளே ஒரு பூஞ்சை வாழ்வது தெரிந்தது. அந்தப் பூஞ்சை சுரக்கும் நஞ்சு மாட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. உடல் சூடு வெளியேறாது. கோடை வெயிலில் மாடு மூச்சிரைத்துக் குளத்தில் போய் நிற்கும். தின்னாது, பால் குறையும், சினையும் நிற்காது.

வசந்தத்தில் ஈன்றால் காளை சேரும் காலம் மே, ஜூன், ஜூலை. சரியாக நஞ்சும் வெயிலும் கூடும் மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் ஈன்றால் காளை சேர்வது டிசம்பர் வாக்கில். வெயில் இல்லை, புல்லில் நஞ்சும் குறைந்திருக்கும். கன்று காய்ந்த தரையில், இதமான குளிரில் பிறக்கும். குளிர்காலத்தில் பால் கொடுக்கும் பசுவுக்குத் தீனி அதிகம் வேண்டும் என்பது உண்மைதான். அதற்கு அங்கே ஒரு வழி இருக்கிறது. ஆகஸ்டில் சில நிலங்களை அடைத்து, உரம் போட்டு, மேயவிடாமல் புல்லை வளரவைத்து, பனிக்காலத்தில் திறந்துவிடுவார்கள். குளிர் வந்தபின்னும் இந்தப் புல் பச்சையும் சத்துமாக நிற்கும். மணல்மேட்டுப் புல்லால் அது ஆகாது.

ஒரே நாடு, ஒரே இன மாடு, ஆறு மாத வித்தியாசம். விடை மாறியதற்குக் காரணம் புல் மட்டுமே.

மழையை நம்பும் நாடுகள்

வடக்கு ஆஸ்திரேலியாவில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே மழைதான் எல்லாம். நவம்பர், டிசம்பரில் மழை தொடங்கும், மார்ச் ஏப்ரலில் முடியும், அதன்பின் மாதக்கணக்கில் வறட்சி. மழை தொடங்கும் சமயத்தில் ஈன்றால் பச்சைப் புல்லில் பால் கொடுத்து, புல் காய்வதற்குள் சினைப் பிடிக்கலாம். வறட்சியின் நடுவில் ஈன்ற பசு எலும்பாகிவிடும்; சில உயிரோடு மிஞ்சுவதே கஷ்டம். பெரும் பண்ணைகளில் பரப்பு அதிகம், வேலி குறைவு. அதனால் பலர் காளைகளை வருடம் முழுக்க மந்தையிலேயே விடுகிறார்கள். தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது ஆளின் கருத்து இப்படிப்பட்ட இடங்களிலிருந்து வருவது. அங்கே அது நிலைமையின் கட்டாயம், மற்ற இடங்களில் சோம்பல்.

மாதத்தைவிட நீளம் முக்கியம்

எந்த மாதம் என்று கேட்பவர்கள் எத்தனை நாள் என்று கேட்பதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் முதலில் வர வேண்டும்.

காளையை 60 முதல் 63 நாள் மட்டும் விட்டுப் பிரித்துவிடுவது நல்ல வழக்கம். அதற்குள் ஒரு பசுவுக்கு மூன்று பருவம் வரும். ஒவ்வொரு பருவத்திலும் நூற்றுக்கு 65 பசு சினைப் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 65. மீதி 35-இல் இரண்டாம் சுற்றில் 23. மீதி 12-இல் மூன்றாம் சுற்றில் 8. மொத்தம் 96. அதற்குமேல் காளையை வைத்திருந்தால் கிடைப்பது இரண்டு மூன்று கன்று, அதுவும் பிந்திப் பிறக்கும் சிறு கன்று.

பிந்தி ஈன்ற பசு அடுத்த வருடமும் பிந்தும். ஜூன் 1 முதல் ஜூலை கடைசி வரை காளை விடும் மந்தையில் ஒரு பசு மே 5-இல் ஈன்றால், அறுபது நாள் ஓய்வு முடிய ஜூலை 4. காளை இருக்கப்போவது இன்னும் நான்கு வாரம்கூட இல்லை. ஒரே வாய்ப்பு, அதிகம் போனால் இரண்டு. இப்படித்தான் நல்ல பசுகூட ஒன்றிரண்டு வருடத்தில் மந்தையை விட்டு வெளியேறும் நிலைக்கு வருகிறது. கிடேரிகளுக்கு மட்டும் மூன்று வாரம் முன்பே காளை சேர்ப்பது இதனால்தான். அவற்றுக்கு ஓய்வு அதிகம் தேவைப்படும் என்று முன்பே பார்த்தோம். அந்த மூன்று வாரம் அதற்கான முன்பணம்.

நோய்க்கும் இதில் பங்கு உண்டு. கன்றுக் கழிச்சலைப் பரப்பும் கிருமிகள் முதலில் பிறந்த கன்றுகளில் பெருகி, சாணத்தோடு தரையில் சேர்கின்றன. பிந்திப் பிறக்கும் கன்றுகள் அந்தச் சேற்றில்தான் விழுகின்றன. ஈற்றுக் காலம் நீள நீள, கடைசிக் கன்றுகளுக்கு ஆபத்து ஏறும். நெப்ராஸ்காவில் இதற்கு ஒரு முறை கண்டார்கள். சாண்ட்ஹில்ஸ் ஈற்று முறை என்றே பெயர். எல்லாப் பசுக்களையும் ஒரு நிலத்தில் விடுவார்கள். இரண்டு வாரம் கழித்து, இன்னும் ஈனாத பசுக்களை மட்டும் புது நிலத்துக்கு ஓட்டுவார்கள். ஈன்றவை கன்றோடு அங்கேயே இருக்கும். பிறகு வாரம் ஒருமுறை இதே வேலை. புதுக் கன்று எப்போதும் சுத்தமான தரையில், ஏறக்குறைய அதே வயதுக் கன்றுகளோடு இருக்கும். மருந்து ஏதும் இல்லாத ஏற்பாடு. ஆனால் இதற்கும் குறுகிய ஈற்றுக் காலம் வேண்டும். ஆறு மாதம் ஈனும் மந்தைக்கு எத்தனை நிலம்தான் தேடுவது?

இந்தப் பகுதியின் சாரம் இவ்வளவுதான்: காளை இரண்டு மாதம் போதும், பிந்தியவள் மேலும் பிந்துவாள், நீண்ட ஈற்றுக் காலம் நோயையும் கூட்டிவரும்.

விலையும் ஆளும்

அமெரிக்காவில் பெரும்பாலோர் வசந்தத்தில் ஈன வைப்பதால், அக்டோபர், நவம்பரில் கன்றுகள் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்து குவியும். வருடத்தில் கன்று விலை தளர்வது வழக்கமாக அப்போதுதான். இலையுதிர்காலக் கன்றுகள் வசந்தத்தில் விற்பனைக்கு வரும். மேயவிடக் கன்று தேடுவோர் அப்போது அதிகம், விலையும் நன்றாக இருக்கும். ஆனால் விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், புல் வரும் மாதம் அவ்வளவாக மாறாது. விலையை நம்பி மட்டும் ஈற்றுக் காலத்தை மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆள்பலம் குறைவு என்றால் ஒரு சிறு உபாயம் இருக்கிறது. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் கஸ் கோனஃபல் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் 1970-களில் கவனித்துச் சொன்னது: சினைப் பசுக்களுக்கு இரவில் பிந்தித் தீனி போட்டால் பெரும்பாலானவை பகலில் ஈனுகின்றன. இன்றும் அவர் பெயரிலேயே அந்த முறை வழங்குகிறது. இரவுத் தூக்கத்தின் அருமை தெரிந்தவர்களுக்கு இதற்காக ஈற்று மாதத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால்

ஈற்றுக் காலத்தைப் பின்னுக்குத் தள்ளுவது சுலபம். மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குப் போக, காளையை இரண்டு மாதம் பிந்தி விட்டால் போதும். பசுக்களுக்கு அந்த ஒரு வருடம் கூடுதல் ஓய்வு கிடைக்கும், சினைப் பிடிப்பதும் கூடும். நஷ்டம் ஒன்றுதான்: பழைய மாதத்திலேயே விற்றால் கன்றுகள் இரண்டு மாதம் இளசாக இருக்கும். அதைத் தாங்க முடியாதவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று வாரம் என்று மெல்ல நகர்த்தலாம்.

முன்னுக்குக் கொண்டுவருவது கடினம். 82 நாளே போதாத பசுவை 60 நாளில் சினைப் பிடிக்கச் சொல்ல முடியாது. அதைப் புதிதாகச் சேரும் கிடேரிகள் வழியாகத்தான், சில வருடங்களில் செய்ய முடியும்.

வசந்தம், இலையுதிர்காலம் என இரண்டு மந்தையாகப் பிரித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சுமார் 25 பசுவுக்கு ஒரு காளை வேண்டும் என்ற கணக்கில், அதே காளை வருடத்தில் இரண்டு முறை வேலை செய்வது அவர்களுக்கு மிச்சம். இதில் ஒரு கண்ணி உண்டு. ஒரு மந்தையில் சினைப் பிடிக்காத பசுவை விற்க மனமில்லாமல் அடுத்த மந்தைக்கு மாற்றிவிடத் தோன்றும். முதல் கன்று ஈன்று களைத்த இளம் பசுவுக்கு அந்தச் சலுகை தரலாம். வயது வந்த பசுவுக்குத் தந்தால் ஆறு மாதத் தீனி வீண், சினைப் பிடிக்கத் திணறும் மாடுகளே வருடாவருடம் மந்தையில் தங்கிப்போகும்.